போனை உடைக்க வேண்டாம்: வன்னிப் பெண்களுக்கு ஒரு கைபேசி வழிகாட்டி

ஒரு பெண்ணுக்குப் போனில் மிரட்டல் வந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் நடப்பது இதுதான்: தகப்பன் போனைப் பறித்து வைப்பார். தமையன் சிம்மை முறித்துப் போடுவான். தாய், "எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு வாயை மூடிக்கொண்டு இரு" என்பார். மிரட்டியவனிடம் அவன் போனும் இருக்கும், சிம்மும் இருக்கும். அவன் செய்ததைக் காட்டுவதற்கு இருந்த சாட்சியை மட்டும் வீட்டுக்காரரே இல்லாமல் ஆக்கியிருப்பார்கள்.

நான் இலங்கையின் வன்னியில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடுப் பக்கம் ஒரு கொமினிக்கேசன் கடை நடத்துகிறேன். போட்டோக்கொப்பி, ரீலோட், லேமினேற்றிங், படிவம் நிரப்புதல் என்று தொழில் போகிறது. பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னால், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து வரும் பெண்கள் இருக்கிறார்கள். முதலில் ரீலோட் போடச் சொல்வார்கள். காசு தந்த பிறகும் போகாமல் நிற்பார்கள். அப்புறம் மெல்ல, "அக்கா, இதில இருக்கிறதை ஒருக்கா அடிச்சுத் தருவீங்களோ" என்று போனை நீட்டுவார்கள். அவர்களுக்கு நான் சொல்வதையும் செய்துகொடுப்பதையும் இங்கே எழுதுகிறேன். துணுக்காயிலும் முழங்காவிலிலும் ஒட்டுசுட்டானிலும் இருக்கிற பெண்கள் என் கடைக்கு வர முடியாது. இந்தக் கட்டுரை அவர்களிடம் போகலாம்.

சாட்சியைச் சேர்த்து வைப்பது

மிரட்டல் வந்தால் எதையும் அழிக்காதீர்கள். திருப்பி ஏசி எழுதாதீர்கள். உடனே புளொக்கும் பண்ணாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு புளொக் பண்ணலாம். வட்ஸ்அப்பில் ஒருவரை முறையிட்டு புளொக் பண்ணும்போது உரையாடலையும் சேர்த்து அழிக்கட்டுமா என்று ஒரு சின்னப் பெட்டியில் சரி அடையாளம் போட்டு வரும். அந்த அடையாளத்தை எடுத்துவிடுங்கள். பலரும் வாசிக்காமல் அழுத்திவிடுகிறார்கள், அத்தோடு எல்லாம் போய்விடும்.

ஸ்கிரீன்ஷொட் எடுப்பதில் ஒரு விஷயம் மிக முக்கியம். கடைக்கு வந்த ஒரு பிள்ளையின் படங்களில் மேலே "சின்னண்ணா" என்று மட்டும் இருந்தது. அது அவள் தன் போனில் சேமித்த பெயர். அதைப் பார்த்து யார் என்று பொலிஸுக்கும் தெரியாது, நீதிமன்றத்துக்கும் தெரியாது. "அது நானில்லை" என்று அவன் சொன்னால் முடிந்தது. அதனால் உரையாடலின் மேலே இருக்கும் பெயரைத் தட்டுங்கள். நம்பர் தெரியும் பக்கம் திறக்கும். அந்தப் பக்கத்தையும் ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பிறகு உரையாடலுக்குத் திரும்பி வந்து, திகதி தெரியும் இடத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி எடுங்கள். ஒரு படத்தின் கடைசிச் செய்தி அடுத்த படத்தின் முதல் செய்தியாக வர வேண்டும். அப்படி எடுத்தால்தான் நடுவில் எதையும் மறைக்கவில்லை என்று காட்டலாம். நீங்கள் கோபத்தில் எழுதிய பதில் இருந்தால் அதையும் வெட்டாமல் எடுங்கள். வெட்டினது தெரியவந்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள்.

குரல் செய்திகளை அப்படியே விட்டுவையுங்கள். உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதி வட்ஸ்அப்பில் இருக்கிறது. படங்கள், குரல் பதிவுகளோடு சேர்த்து ஏற்றுமதி செய்து, நம்பிக்கையான ஒருவரின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடலாம். ஒருமுறை மட்டும் பார்க்கக்கூடிய படமாக எதையாவது அனுப்பியிருந்தால் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். அதை ஸ்கிரீன்ஷொட் எடுக்க வட்ஸ்அப் விடாது. இன்னொரு போனைக் கையில் ஆயத்தமாக வைத்து, வீடியோ ஓடவிட்டு, அதற்குப் பிறகு திறவுங்கள். பேஸ்புக்கில் என்றால் அந்தக் கணக்கின் இணைப்பையும் கொப்பி பண்ணி வையுங்கள். பெயரையும் படத்தையும் அவன் இரவோடிரவாக மாற்றிவிடுவான்.

அடி விழுந்திருந்தால் அன்றைக்கே பகல் வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும். முகமும் காயமும் சேர்ந்து தெரிய ஒன்று, காயம் மட்டும் கிட்டத்தில் ஒன்று. கிட்டத்தில் எடுப்பதில் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்தால் அளவு விளங்கும். கண்டல் இரண்டாம் மூன்றாம் நாள்தான் நீலம் பாரிக்கும், அப்போதும் எடுங்கள். ஆனால் போன் படம் இருக்கிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விடக்கூடாது. வைத்தியர் எழுதும் அறிக்கைக்கு நீதிமன்றத்தில் இருக்கும் பெறுமதி வேறு. வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக அரச ஆஸ்பத்திரிகள் பலவற்றில் "நட்பு நிலையம்" என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதைக் கேட்டுப் போங்கள். உடனே அம்புலன்ஸ் தேவையென்றால் 1990, காசில்லை.

இவற்றோடு ஒரு நாற்பது பக்கக் கொப்பி. திகதி, நேரம், என்ன நடந்தது, யார் பக்கத்தில் நின்றது. அவ்வளவுதான், நீட்டி எழுத வேண்டியதில்லை. அடிக்கிறவர் அதே வீட்டில் இருந்தால் கொப்பியை அங்கே வைக்காதீர்கள். அம்மா வீட்டில் இருக்கட்டும்.

ஒலிப்பதிவையும் கணினியில் இருப்பதையும் நீதிமன்றம் சாட்சியமாக ஏற்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது. அதற்கு மூலப் பதிவு வேண்டும், அது இருக்கும் போனும் வேண்டும். புதுப் போன் வாங்கினாலும் பழையதைக் கொடுத்து மாற்றாதீர்கள்.

பிரிண்ட் எடுக்கும்போது கவனம். படத்தைக் கடை நம்பருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினால் அது கடைப் போனிலும் நிற்கும், கணினியிலும் நிற்கும். நான் கேபிளில் போனை இணைத்துத்தான் எடுப்பேன், முடிந்ததும் அந்தப் பெண்ணின் கண் முன்னாலேயே அழித்து, குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்குவேன். நீங்கள் போகும் கடையிலும் அப்படிச் செய்யச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

போன் உங்கள் கையில். கணக்கு யார் கையில்?

இதைத்தான் நான் எல்லாரிடமும் முதலில் கேட்பேன். எங்கள் பெண்களில் பலர் பாவிக்கும் சிம் கணவன் பெயரிலோ தம்பி பெயரிலோ இருக்கிறது. சிம் யார் பெயரிலோ, அவர் அடையாள அட்டையோடு போய் "தொலைஞ்சுபோச்சு" என்று சொல்லி அதே நம்பருக்கு வேறு சிம் எடுத்துவிடலாம். எடுத்தால் உங்கள் வட்ஸ்அப் அவர் போனில் திறக்கும். ஆகவே உங்கள் அடையாள அட்டையோடு சேவை நிறுவனத்தின் கிளைக்குப் போய், சிம் யார் பெயரில் என்று கேட்டு, உங்கள் பெயரில் ஒன்று எடுங்கள். பிறகு வட்ஸ்அப் அமைப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்க எண் ஒன்று போடுங்கள். பிறந்த ஆண்டும் பிள்ளையின் பிறந்தநாளும் வேண்டாம்.

ஜீமெயில் அடுத்தது. போன் வாங்கிய இடத்தில் கடைப் பெடியன் ஒரு கணக்குத் திறந்து தந்திருப்பான், பாஸ்வேர்ட் உங்கள் போன் நம்பராகவே இருக்கும். அல்லது வெளிநாட்டிலிருந்து வந்த போனில் அனுப்பியவரின் கணக்கே கிடக்கும். அந்தக் கணக்கு யாரிடம் இருக்கிறதோ அவருக்கு உங்கள் படங்களும் தெரியலாம், நீங்கள் நிற்கும் இடமும் தெரியலாம். புதுக் கணக்கு ஒன்றை நீங்களே திறந்து, பழையதைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்படியே வட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற இடத்தையும் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினியோ போனோ அங்கே இருந்தால், உங்கள் செய்திகளை யாரோ வேறு இடத்திலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

போன் திருத்தக் கொடுக்கும்போது பூட்டைத் திறந்து கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். கண்ணாடி மாற்றுவதற்குப் பூட்டுத் திறக்கும் பின் (PIN) நம்பர் தேவையில்லை. கேட்டால் பக்கத்தில் நின்று நீங்களே திறந்து காட்டுங்கள்.

அடிக்கிறவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால்

இங்கே அவசரம் ஆபத்து. நேற்றுவரை பூட்டில்லாமல் இருந்த போனில் இன்று பூட்டைக் கண்டால் அதற்கே அடி விழும். மேலே சொன்ன மாற்றங்களை அந்த வீட்டிலிருந்து வெளிக்கிடும் வரை செய்யாமல் விடுவதுதான் சில பெண்களுக்குப் பாதுகாப்பு. உதவிக்கு அழைப்பதை வேறு போனில் செய்யுங்கள்: தாயின் போன், பக்கத்து வீட்டு அன்ரியின் போன், முன்பள்ளி ரீச்சரின் போன். சொந்தப் போனில் அழைத்தால் அழைப்புப் பட்டியலில் அந்த ஒன்றை மட்டும் அழியுங்கள். முழுப் பட்டியலையும் அழித்தால் சந்தேகம் வரும்.

மனதில் பாடமாக்க வேண்டிய நம்பர்கள் சில. பெண்களுக்கான அரச உதவி அழைப்பு 1938. பெண்கள், சிறுவர் மீதான துன்புறுத்தலுக்குப் பொலிஸின் தனி நம்பர் 109. உயிருக்கு ஆபத்தென்றால் 119. பிள்ளைக்கு ஏதும் என்றால் 1929. எடுத்தவர் சிங்களத்தில் பேசினால் பயந்து வைத்துவிடாதீர்கள். "தமிழ்" என்று ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாலே போதும், தமிழ் தெரிந்தவரிடம் கொடுக்கக் கேட்பது உங்கள் உரிமை.

எங்கள் வீதியில் தனியே பிள்ளைகளோடு இருக்கும் பெண்கள் தங்களுக்குள் மிஸ்ட்கோல் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு தரம் விட்டால் "சும்மா, எழும்பிட்டன்". விடாமல் தொடர்ந்து வந்தால் டோர்ச் எடுத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்காரர் சேர்ந்து வெளிக்கிடுவார்கள். டேட்டா வேண்டாம், காசும் போகாது, காட்டுக்கரைக் காணிகளில் சிக்னல் ஒரு கோடு இருந்தாலே வேலை செய்யும். இரவு வேலை முடிந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் வட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தை அக்காவுக்கோ அம்மாவுக்கோ அனுப்பலாம். 15 நிமிடம், ஒரு மணித்தியாலம், எட்டு மணித்தியாலம் என்று தெரிவுசெய்யலாம். வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். காதலிக்கிறவன் அதை நாள் முழுக்கப் போட்டு வைக்கச் சொன்னால் அது அக்கறை இல்லை, காவல். மறுத்துவிடுங்கள்.

படத்தைக் காட்டி மிரட்டினால்

"காசு தா, இல்லாட்டி உன்ர படத்தை வீட்டுக்காரருக்கு அனுப்புவன்." இப்படி வந்தால் காசு கொடுக்காதீர்கள், இன்னொரு படமும் அனுப்பாதீர்கள். கொடுத்தவரிடம் திரும்பவும் கேட்பார்கள். படம் உண்மையானதாக இருந்தாலும், முகத்தை வெட்டி ஒட்டியதாக இருந்தாலும் குற்றவாளி அவன்தான். நம்பிப் படம் அனுப்பியதற்காக அந்தப் பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்ய எங்களுக்கு ஒரு உரிமையும் இல்லை.

படம் இணையத்தில் பரவாமல் தடுக்க ஸ்டொப் என்சிஐஐ டொட் ஓர்க் (StopNCII.org) என்று ஒரு தளம் 2021 கடைசியிலிருந்து இயங்குகிறது. இதில் படத்தை நீங்கள் யாருக்கும் அனுப்புவதில்லை. உங்கள் போனுக்குள்ளேயே படத்திலிருந்து ஒரு இலக்கக் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு உண்டாகி, அது மட்டும் போகும். பேஸ்புக், இன்ஸ்டகிராம், ரிக்ரொக் போன்றவை அந்தக் கைரேகையோடு பொருந்தும் படத்தை ஏற்றவிடாமல் தடுக்கும். வட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புவதை இதனால் நிறுத்த முடியாது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ரேக் இற் டவுன் (Take It Down) என்ற வேறு தளம் இருக்கிறது. பிள்ளையின் படம் என்றால் இன்னொரு கவனம்: சாட்சிக்கென்று கூட அதை யாருக்கும் அனுப்பாதீர்கள், பிரிண்ட் எடுக்க என்னிடமும் கொண்டுவராதீர்கள். அதைப் பகிர்வதே குற்றம். போனை அப்படியே பொலிஸின் பெண்கள், சிறுவர் பிரிவிடம் கொண்டுபோங்கள். போலிக் கணக்கை நீக்க உதவி வேண்டுமென்றால், இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் (CERT) நிறுவனத்தின் 101 நம்பருக்கு அழையுங்கள்.

முறைப்பாடு கொடுக்கும் நாள்

தனியே போகாதீர்கள். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், முதலில் அவரைப் பார்த்தால் கூட வருவார் அல்லது வழி சொல்வார். பொலிஸில் முறைப்பாட்டைத் தமிழில் எழுதக் கேளுங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால் விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் கொப்பியில் குறித்துக்கொண்டு வாருங்கள். போனைச் சான்றாக வாங்கினால் அதற்குப் பற்றுச்சீட்டு வேண்டும், கொடுப்பதற்கு முன் எல்லாவற்றுக்கும் பிரதி இருக்க வேண்டும்.

அன்றைக்கு நிச்சயம் யாராவது, "குடும்ப விஷயம்தானே, சமாதானமாப் போங்கோவன்" என்பார்கள். உங்களுக்கு விருப்பமில்லை என்றால் விருப்பமில்லைத்தான். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றத்திடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, 14 நாள் வரை. விசாரித்த பிறகு வருவது 12 மாதம் வரை. வீட்டுக்கு வரக்கூடாது, பின்தொடரக்கூடாது என்பதோடு உங்களைத் தொடர்புகொள்ளவே கூடாது என்றும் கட்டளையிடலாம். உங்களிடம் இருக்கும் ஸ்கிரீன்ஷொட்டுகள் பேசும் இடம் இது. அடி பொறுக்க முடியாமல் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவில் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்றால் வவுனியாவிலேயே விண்ணப்பிக்கலாம், தற்காலிகமாக இருக்கும் இடமும் செல்லும். சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

மிரட்டுகிறவன் வெளியாள் என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. அதற்குத் தண்டனைச் சட்டக்கோவை இருக்கிறது. பாலியல் தொந்தரவுக்கு 345ஆம் பிரிவு, வார்த்தையால் செய்தாலும் ஐந்து வருடம் வரை சிறை. பயமுறுத்திக் காசு பறிப்பது 372. பொலிஸ் முறைப்பாட்டை எடுக்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 நம்பருக்கு அழைத்துச் சொல்லுங்கள்.

கடன்காரரும் கமராக்காரரும்

நுண்கடன் வசூலிக்க வருகிறவர்கள் இரவில் போன் எடுத்துக் கதைக்கும் கதையை வன்னிப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, கடன் வசூலிப்பவர்கள் பெண்களிடம் பாலியல் இலஞ்சம் கேட்கும் நிலையையே வெளியே சொல்லிவிட்டுப் போனார். கட்டின ஒவ்வொரு முறையும் கடன் புத்தகத்தின் பக்கத்தைப் படம் எடுங்கள். அழைப்பு வந்த நேரத்தைக் குறியுங்கள். மோசமாகக் கதைத்தால் ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு போனில் பதியுங்கள். கடன் இருப்பது உண்மை என்பதால் தொந்தரவைப் பொறுக்க வேண்டியதில்லை.

உதவி செய்கிறோம் என்று கமராவோடு வீட்டுக்கு வருகிற யூடியூப் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் நோகிற விஷயம் இது. புருஷன் ஏன் விட்டுப்போனார், பிள்ளைக்குத் தகப்பன் யார் என்றெல்லாம் ஒரு கோழிக்கூடு தருவதற்காகக் கேட்கிறார்கள். அந்த வீடியோவைப் பத்து வருடம் கழித்துப் பிள்ளையின் வகுப்பிலுள்ளவர்கள் பார்ப்பார்கள். முகம் காட்ட மாட்டேன் என்று சொல்லலாம். போடுவதற்கு முன் காட்டச் சொல்லலாம். பிள்ளைகளை எடுக்க விடாதீர்கள். நீக்கச் சொல்ல வேண்டுமென்றால் வட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்கள், கேட்டது பதிவாக இருக்கும்.

அதே கமரா பெண்களின் கையில் இருக்கும்போது என்ன நடக்கும் என்பதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். எங்கேயோ தூரத்தில் இருக்கிற இளசுகள் கூட அவர்களின் முகத்தைப் போனில் பார்த்தார்கள், பேச்சைக் கேட்டார்கள். என்ன சொல்வது, யாரிடம் சொல்வது என்று அந்தத் தாய்மாரே முடிவெடுத்தார்கள்.

சங்கத்தில் சேர்ந்து செய்வதென்றால்

நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரையான 16 நாட்கள் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக உலகம் முழுக்க வேலை நடக்கும் நாட்கள். முற்போக்குத் தொடர்பாடலுக்கான சங்கம் என்ற சர்வதேச வலையமைப்பு 2006இல் இந்த நாட்களை வைத்தே, தொழில்நுட்பத்தைப் பெண்கள் தங்கள் கைக்குள் எடுக்க வேண்டும் என்ற இயக்கத்தைத் தொடங்கியது. எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் அந்த நாட்களில் பதாகை பிடித்து ஊர்வலம் போவதோடு ஒரு போன் வகுப்பும் வைக்கலாம். மண்டபம் வேண்டாம், மாமர நிழல் காணும்.

வட்ஸ்அப் குழு தொடங்கினால் குரல் செய்தியாகப் போடுங்கள், எழுத்துக் கூட்டி வாசிக்கும் அம்மாமாருக்கும் போய்ச்சேரும். குழுவில் இருக்கும் ஒவ்வொரு நம்பரும் யாருடையது என்று பாருங்கள். பல நம்பர்களைக் கணவன்மார்தான் பாவிக்கிறார்கள். அதனால் பொதுவான தகவலைக் குழுவில் போடுங்கள், ஒரு பெண்ணின் கதையை ஒருபோதும் போடாதீர்கள். அதை நேரில் கதையுங்கள்.

முதல் வகுப்புக்கு வருகிறவர்களிடம் போனையும் அடையாள அட்டையையும் கொண்டுவரச் சொல்லுங்கள், சார்ஜ் போட்டுக்கொண்டு. அன்றைக்கு இரண்டு வேலை போதும்: சிம் யார் பெயரில் என்று ஒவ்வொருவராகக் குறித்துக்கொள்வது, இணைக்கப்பட்ட சாதனங்களைத் திறந்து பார்ப்பது. ஸ்கிரீன்ஷொட் வகுப்பை அடுத்த கிழமைக்கு வையுங்கள். அதற்கு ஆளுக்கொரு நாற்பது பக்கக் கொப்பி வேண்டும்.